பாதம் பேசாவிட்டால்...

இந்தக் கட்டுரையை எங்கே இருந்து படிக்கிறீர்கள்? சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு கண் பாலிலும் ஒரு கண் பத்திரிகையிலுமாகவா? பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நடைபாதையிலா? எங்கே இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள்.

பார்த்தாகிவிட்டதா? கடைசியாக அவற்றை இப்படிப் பார்த்தது எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா? முகத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கண்ணாடியில் பார்க்கிறோம். கூந்தலுக்கு எண்ணெய், கைக்கு வளையல், கழுத்துக்குச் சங்கிலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை செய்கிறோம். பாதத்துக்கு? கல்யாணத்தன்று மெட்டி போட்டபோது பார்த்ததோடு சரி! அதற்குப் பிறகு அது ஏதாவது தகராறு செய்தால்தான் நமக்கு அதன் நினைவே வருகிறது.

தகராறு செய்தால் தேவலை. செய்ய வேண்டிய நேரத்தில் அது பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என் தாயாரின் இடது காலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கடைசிப் படி

போன வருஷம் ஒரு சாயங்காலம். மொட்டை மாடியில் உலர்த்திய துணிகளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு அம்மா படி இறங்கி வந்தாள். துணிக் குவியலுக்கு மேலே அவளுடைய கண்கள் மட்டுந்தான் தெரிந்தன. கடைசிப் படி ஒன்று பாக்கி இருப்பது அந்தக் கண்களுக்குத் தெரியவில்லை. தரை வந்துவிட்டதென்று எண்ணிக் காலை வைத்தாள். இடது பாதம் உள்பக்கமாக மடங்கிற்று. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல வேளை, துணி கீழே விழவில்லை!" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

பாதம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிற்று. பக்கத்துத் தெருவில் சுளுக்கு வழிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டார். "சுளுக்குத்தான் அம்மா, மூன்று நாளில் வாங்கிவிடும்" என்றார். மூசாம்பரப் பற்றுப் போட்டோம்.

"டாக்டரிடம் காட்டிவிடலாமே, அம்மா" என்றேன் நான்.

"போடி! வலியே அவ்வளவாக இல்லை. எலும்பு முறிந்திருந்தால் நடக்க முடியுமா?" என்றாள் அம்மா.

அந்த வாரக் கடைசியில் என் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம், அப்பளம், வடை, பாயசம். அம்மா நின்றாள், நடந்தாள், பரிமாறினாள், வந்தவர்களை வாசல் வரை போய் வழியனுப்பினாள். "நடக்கிறாளே, பின் என்ன?" என்று நானும் இருந்துவிட்டேன். காலேஜில் படித்தவள், நாலு பேருக்குப் புத்தி சொல்லிப் பத்திரிகையில் எழுதுகிறவள்!

வீக்கம் வடியவில்லை. இருபதாம் நாள் பலவந்தமாக எலும்பு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். பாதத்தின் வெளி ஓரத்தில் ஓர் எலும்பின் அடிப்பகுதி பெயர்ந்து தனியே நின்றது.

"இதோடு மூன்று வாரம் நடந்தீர்களா, அம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மா சற்றுப் பெருமையாகவே தலையை ஆட்டினாள். டாக்டர் மெச்சவில்லை. "உங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

"பன்னிரண்டு வருஷமாக."

முறிந்த எலும்புக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்வதற்கு முன்னால் பாதத்தின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், கடைசியில் பரீட்சை கிடையாது!

ஒரு கூட்டுக் குடும்பம்

நம் உடம்பில் மொத்தம் 206 எலும்புகள். அவற்றில் ஒவ்வொரு பாதத்திலும் 26, ஆக இரண்டிலும் 52. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! தமிழிலே நாலில் ஒன்றுக்கும் 'கால்' என்றுதான் பெயர். கணக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். இந்த 26 எலும்புகளுக்கு நடுவே 33 மூட்டுகள். அவற்றைக் கட்டிப் பிடிக்க நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் நார்களும். பெரிய கூட்டுக் குடும்பந்தான்.

விரல்களில் இருப்பவர்கள் 14 பேர். கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற நான்குக்கும் மும்மூன்று. விரல்களுக்குப் பின்னால், புறங்காலைத் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற நீண்ட எலும்புகள் ஐந்து. அதற்கும் பின்னால் குட்டையும் தடியுமாக ஏழு பேர். படகு வடிவில் ஒருவர், கட்டம் கட்டமாகச் செதுக்கின கல்லைப் போல ஒருவர், ஆப்பு வடிவில் மூவர். பின்கோடியில் குதிகால் எலும்பு. அதுதான் பாதத்தின் எலும்புகளில் பெரியது. மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவர்கள் அநேகமாக உடைத்துக்கொள்வது இதைத்தான்.

ஏழாவது எலும்பு குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கணுக்கால் எலும்பு என்று வைத்துக்கொள்வோம். இதை இந்தக் குடும்பத்தின் மருமகள் என்று சொல்லலாம். உடம்பின் பாரம் முழுவதும் இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனால் ஒரு தசைகூட இதைப் பிடித்துக்கொள்வதில்லை. இதற்கு வந்து சேருகிற ரத்தமும் சொற்பம். ஆகவே இது உடைந்தால் கூடுவதற்கு நாளாகும். சில சமயம் எலும்பின் ஒரு பகுதி உயிரற்றே போய்விடும். பாரம் எல்லாம் அவள் தலையில், உபசாரம் மட்டும் கடைசிப் பந்தியில்! தெரிந்த கதையாக இருக்கிறதல்லவா?

தச்சர் ஒரு மரத்தில் பள்ளம் வெட்டி இன்னொரு மரத்தை அதில் செருகுவாரே, அதைப் போல முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் சேர்ந்து அமைக்கிற பள்ளத்தில் இந்தக் கணுக்கால் எலும்பு செருகியிருக்கிறது. இதிலே ஒரு விசேஷம். அதன் மேற்பரப்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். விரல்களை மேல்நோக்கித் தூக்கினால் அகலமான பக்கம் பள்ளத்தில் வந்து இறுகிக்கொள்ளும். விரல் நுனியைக் கீழே நீட்டினாலோ, குறுகலான பக்கம் உள்ளே வந்து, மூட்டு கொஞ்சம் லொடலொடக்கும். படி இறங்கும்போது நாம் பாதத்தை எப்படி வைக்கிறோம்? விரலைக் கீழே நீட்டித்தான். அதனால்தான் ஏறும்போது மடங்காத கால் இறங்கும்போது மடங்குகிறது.

இன்னும் ஒன்று. கணுக்காலின் இரண்டு பக்கத்து முண்டுகளையும் ஒரே சமயத்தில் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கத்து முண்டு சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்தப் பக்கம் பாதம் சாயாதபடி அது தடுக்கிறது. உள்பக்கம் மடங்குவதற்கு அவ்வளவு தடை இல்லை. போதாததற்கு, வெளிப்பக்கத்து நார்கள் உள்பக்கத்து நார்களைவிட மெலிந்தவை. சுளுக்கு என்றால் பத்துக்கு எட்டு ஒன்பது இந்த வகைதான் என்பதில் என்ன ஆச்சரியம்?

ஈரக் காலடி

குளித்துவிட்டு வரும்போது ஈரக் காலடியைத் தரையில் பாருங்கள். உள்பக்கம் வளைந்து குழிந்திருக்கும். அது பாதத்தின் வளைவு. கல்லால் கட்டிய பாலத்தின் வளைவைப் போல எலும்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பாலம் அகன்றுவிடாதபடி, குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரையில் உள்ளங்காலில் ஒரு பட்டையான நார் இழுத்துக் கட்டியிருக்கிறது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு இந்த நாரின் குதிகால் முனை நொந்துபோகும். காலையில் எழுந்து தரையில் வைக்கிற முதல் அடியில் முள் குத்தினாற்போல் வலித்து, நடக்க நடக்கக் குறைகிறதா? பெரும்பாலும் இதுதான். கெண்டைக்கால் தசையையும் உள்ளங்காலையும் தினம் நீட்டி இழுத்துவிடுவது, அடி மெத்தென்ற செருப்பு, கொஞ்சம் பொறுமை. இவற்றிலேயே பலருக்கும் குணமாகிவிடும்.

"குழந்தையின் பாதம் தட்டையாக இருக்கிறதே" என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சின்னக் குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும். பிறக்கும்போது பாத எலும்புகள் பல குருத்தாகவே இருக்கின்றன. படகு எலும்பு கெட்டிப்பட ஆரம்பிக்கவே இரண்டு மூன்று வயது ஆகிவிடும். கர்நாடகத்தில் மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் 2,300 குழந்தைகளின் காலடிகளைப் பதிவு செய்து 1992-ல் ஒரு விவரம் வெளியிட்டார்கள். செருப்போ ஷூவோ போட்ட குழந்தைகளில் 100-க்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு ஓடி ஆடிய குழந்தைகளில் 2.8 பேருக்குத்தான். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம். வீட்டுக்குள்ளாவது குழந்தையை வெறுங்காலோடு விடுங்கள்!

நடனமாடிய டாக்டர்

இனி அம்மாவின் எலும்புக்கு வருவோம். சுண்டுவிரலின் அடியிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகக் குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். ஏறக்குறையப் பாதி வழியில் ஒரு முண்டு தட்டுப்படும். ஐந்தாவது நீண்ட எலும்பின் அடி அது. கீழ்க்காலின் வெளிப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் தசை ஒன்றின் நார் அங்கேதான் பிடித்திருக்கிறது. பாதம் திடீரென்று உள்ளே மடங்கும்போது அந்த இடத்து நார்கள் வெடுக்கென்று இழுத்து, எலும்பின் முனையையே பெயர்த்துவிடுவது உண்டு. பார்ப்பதற்கு அசல் சுளுக்கு மாதிரியே இருக்கும்.

ஏமாந்தது நாங்கள் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் ராபர்ட் ஜோன்ஸ் என்று பெயர் பெற்ற எலும்பு வைத்தியர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் நடனம் ஆடும்போது அவர் கால் மடங்கிவிட்டது. தசைநார்தான் அறுந்திருக்கும் என்று எண்ணினார். எக்ஸ்ரே கதிர்களை 1895-ல்தான் ராண்ட்ஜன் கண்டுபிடித்திருந்தார். அந்தப் புதுக் கருவியில் படம் எடுத்துப் பார்த்தால், முறிந்திருந்தது ஐந்தாவது எலும்பு! தன் காலையே உதாரணமாக வைத்து 1902-ல் அவர் அதைப் பற்றி எழுதினார். அம்மாவுக்கு முறிந்த இடத்துக்குச் சற்று முன்னால் அவருக்கு முறிந்தது. ரத்த ஓட்டம் குறைந்த அந்த இடத்து முறிவு மெதுவாகத்தான் கூடும். இன்றைக்கும் அதற்கு 'ஜோன்ஸ் முறிவு' என்றே பெயர். அவ்வளவு பெரிய டாக்டருக்கே தம் கால் தெரியவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்?

எப்போது படம் எடுக்க வேண்டும்?

கால் மடங்கியவர்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையா? இல்லை. யாருக்குத் தேவை என்று கண்டுகொள்ளச் சுலபமான வழி ஒன்றைக் கனடா நாட்டு ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-ல் வகுத்துத் தந்தார்கள். பல தேசங்களில் அதைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு:

கணுக்காலின் வெளி முண்டு; உள் முண்டு. இவை இரண்டிலும் நுனியையும், பின் ஓரமாக 6 சென்டிமீட்டர் உயரம் வரையிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்றாவது, நான் மேலே சொன்ன, பாதத்தின் வெளி ஓரத்து முண்டு. நான்காவது, உள்பக்கம் வளைவின் உச்சியில் இருக்கும் படகு எலும்பு. இவற்றில் எந்த எலும்பை அழுத்தினாலும் வலிக்கிறது என்றாலும், அடிபட்ட உடனேயும் டாக்டர் பார்க்கும்போதும் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும், படம் எடுத்தே தீர வேண்டும்.

கவனியுங்கள்: "நடக்க முடிகிறதா?" என்பது அந்தச் சோதனையில் ஒரு பாதிதான். நாங்கள் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். அன்றைக்கு அந்த வெளி ஓரத்து முண்டை யாராவது ஒரு விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் அம்மா முகம் சுளித்திருப்பாளோ என்னவோ. 'என்னவோ' என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. காலில் உணர்ச்சி குறைந்தவர்களிடம் இதை நம்பக் கூடாது.

அன்று டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்கள், அம்மா" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் கட்டைவிரலில் தொட்டார், விரல்களின் அடியில் தொட்டார், குதிகாலில் தொட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆரம்பிக்கலாமே, டாக்டர்" என்றாள் அம்மா.

எனக்குச் சொரேர் என்றது.

வலி என்னும் காவல்காரன்

பாதிரியார் குடும்பத்தில் 1914-ல் பிறந்து நம் ஊர்க் கொல்லி மலையில் வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் கையும் காலும் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். சதையில் குற்றம் இல்லை. வலி தெரியாததுதான் குற்றம் என்று கண்டார். கல் குத்தினாலும், செருப்பின் ஆணி கிழித்தாலும், புண்ணின் மேலேயே நடந்தாலும் அவர்களுக்குத் தெரியவில்லை; அதனால் பாதம் சிறுகச் சிறுக அழிந்தது. அவரும் அவருடைய சகாக்களும் மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்துகொடுத்துக் கால்களைக் காப்பாற்றினார்கள். பிற்பாடு 1966-ல் அவர் அமெரிக்கா சென்றார். வேலூரில் கற்ற அதே பாடம் சர்க்கரை வியாதிக்காரர்களின் கால்களுக்கும் பொருந்துவதை அங்கே கண்டார்.

பல வருஷம் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதாகின்றன. முதலில் பழுதாவது பாதத்து நரம்புகள்தான். வலி என்ற காவல்காரன் தூங்கிப்போகிறான். வீட்டில் திருடன் புகுந்தாலும் சத்தமே இல்லை. முறிந்த எலும்போடு நடந்தால் பக்கத்து எலும்புகளும் ஒவ்வொன்றாக நொறுங்கி, வளைவு இடிந்து, பாதமே உருமாறிப் போவதுண்டு. அந்த மாதிரிப் பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும்; வலி மட்டும் அவ்வளவாக இருக்காது. "வலிதான் இல்லையே!" என்று நாம் ஆறுதல் அடைகிற அதே விஷயம்தான் அங்கே ஆபத்துக்கு அறிகுறி.

அம்மா பொறுமைசாலி என்று ஊரெல்லாம் பேர். அந்த மூன்று வாரமும் அவள் காட்டியது பொறுமை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

என்ன செய்யலாம்?

கால் மடங்கினால், முதல் காரியமாக மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே முறிவு இருந்தால் நீவுவது அதை நகர்த்திவிடும். காலை ஊன்றாமல், தலையணையின் மேல் உயர்த்தி வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கலாம். மரத்த காலுக்கு ஐஸும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், தினம் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும். போடுமுன் உதறிப் பார்க்க வேண்டும். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் கையால் சோதிக்க வேண்டும். உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவது மிகவும் கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளம்தான் தெரியும். சாமியை மாலை வேளையில் கும்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் அந்த நைலான் இழைச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.

அம்மாவுக்குக் கட்டுப் போட்டு, வாரா வாரம் பிரித்துப் பார்த்து மறுபடி போட்டார்கள். ஆறு வாரத்தில் கூட வேண்டியது பத்து வாரத்தில் கூடிற்று. எலும்புக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கட்டுப் போடுமுன், வீங்கிய விரலில் இறுகிப் போயிருந்த மெட்டியை வெட்டி எடுத்தார்களே, அப்போதுதான் அழுதாள். முப்பத்தெட்டு வருஷத்து மெட்டி அது. வெட்டின துண்டுகளை அப்பா பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரும் பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை என் மடியில் வைக்க வேண்டும். முதல் வாரம் ரொம்பக் கூச்சப்பட்டாள். "பெரியவள் காலைப் பெண் தொட்டுப் பார்ப்பதா? சும்மா இருடி!" என்று இழுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் பார்க்கிறேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறாராம்!

அவளுடைய பாதத்துக்குப் பேச வாய் இல்லை. அதற்குப் பதில் எங்கள் கண்கள் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் வீட்டிலும் நின்றுகொண்டே இருக்கிற ஒரு ஜோடிப் பாதங்கள் இருக்கும். இன்று ராத்திரி அவற்றைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிப் பாருங்களேன்.